பல் முளைத்த கண்கள்

நான் சுவர் பூசுகிறவன். ரொறொன்ரோவில் வீடுகளின் உட்சுவர் கல்லாலும் சீமெந்தாலும் ஆனதல்ல. அட்டைப் பலகைகளை மரச்சட்டத்தில் அறைந்து நிறுத்தி, பொருத்துகளை வெள்ளைச் சாந்தால் மூடிவிடுவார்கள். அந்த மூடுகிற வேலைதான் இருபத்தேழு வருடமாக என்னுடையது. என்னோடு வேலை செய்த போர்த்துக்கீசக் கிழவர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார்: "கெட்ட பூச்சுக்காரனை ஊருக்கே தெரியும், நல்ல பூச்சுக்காரனை அவன்ரை பெண்சாதிக்கு மட்டும்தான் தெரியும்." இப்படி யாருக்கும் தெரியாமல் இருப்பதற்கு இருபத்தேழு வருடம் பாடுபட்ட நான், எல்லாருக்கும் தெரிந்தே ஆகவேண்டும் என்று அறுபது வருடம் பாடுபட்ட ஒரு மனுசியிடம் போய் அகப்பட்டுக்கொண்டேன்.

முதலாளிதான் அனுப்பினார். நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பழைய தொழிற்சாலையொன்றை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஓர் அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்துச் சுவர் ஊறிப்போயிருந்தது. கதவைத் திறந்தவர் எண்பதைத் தாண்டிய பிரெஞ்சுக்கார அம்மா. பெயின்ற்காரர் போடுகிற காற்சட்டை, பொத்தான் மாறிப் பூட்டிய சேர்ட், உதட்டில் மட்டும் பிசகில்லாத சிவப்புச் சாயம்.

உள்ளே போனேன். கூரையிலிருந்து சங்கிலிகளில் பித்தளைக் காது ஒன்று, முழங்கை ஒன்று, பாதம் ஒன்று எனத் தொங்கின. மூலையில் தோலால் தைத்த ஆறடி நாக்கு சுருண்டு கிடந்தது. சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களும் நான்கு பெண்களின் கால்கள், நாலுக்கும் நாலு விதமான சப்பாத்து. வேறு யாரும் என்றால் பயந்திருப்பார்கள், அல்லது வெட்கப்பட்டிருப்பார்கள். எனக்கு வந்ததோ இரக்கம்.

அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கையில் வருத்தம் வந்தால் மாதாவுக்கு நேர்த்தி வைப்பார்கள். சுகமானதும் வெள்ளியில் சின்னக் கை ஒன்று செய்வித்துக் கொண்டுபோய் மாதாவின் காலடியில் வைப்பார்கள். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். சைவக்காரரும் இதே காரியத்தைத் தங்கள் கோயிலில் செய்வார்கள், அவசரத்துக்கு எங்கள் மாதாவிடமும் வருவார்கள். ஆகவே சங்கிலியில் தொங்கிய உறுப்புகளைப் பார்த்தவுடன், பாவம், தனி மனுசி, எத்தனை வருத்தத்தைத் தாண்டி வந்திருக்கிறா என்றுதான் எனக்குத் தோன்றியது.

"காது இப்ப சுகமோ, மதாம்?" என்று கேட்டேன்.

"எந்தக் காது?"

"உந்தக் காது. நேர்த்திக்குச் செய்தது."

நான் விளங்கப்படுத்தினேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இருமல் வரும்வரை சிரித்தார். "மெசியே, உந்தக் காதைப் பற்றிப் பரிஸிலை ரெண்டு புத்தகம் எழுதியிருக்கினம். ஒருத்தனும் அதின்ரை சுகத்தை விசாரிக்கேல்லை."

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அவருடைய ஆங்கிலம் பிரெஞ்சில் ஊறியது, ஐயா என்பதற்கும் மெசியேதான் வரும்; என்னுடையது சுவர்வேலைக்கு மட்டும் போதுமானது. இரண்டும் நடுவழியில் சந்தித்துக் கைகொடுத்த மாதிரி எழுத ஒரு மொழியும் இல்லை. ஆகவே அவர் பேசியதை என் காது வாங்கிக்கொண்ட விதத்தில், எங்களுடைய தமிழிலேயே எழுதுகிறேன். மதாம் கோபிக்கமாட்டார். கோபிப்பது மற்றவர்களுடைய வேலை என்பதுதான் அவருடைய கொள்கை.

அந்தச் சுவரை நான் இரண்டு நாளில் கண்ணாடி மாதிரி இழைத்து முடித்தேன். கடைசிப் பூச்சு ஈரம் காயுமுன் மதாம் கிட்ட வந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் பெருவிரலை நாக்கில் நனைத்து, சுவரின் நடுவில் அழுத்தி, ஒரு திருகுத் திருகினார். குழி விழுந்துவிட்டது.

"என்ன செய்யிறியள் மதாம்?"

"தொப்புள். பிறந்த எல்லாத்துக்கும் இருக்கோணும்."

முதலாளி குழியை அடைக்கச் சொன்னார், மதாம் விடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் போகும்போது அவர் கேட்டார், சாந்து இவ்வளவு வழுவழுப்பாய் எப்படி வருகிறது, சனிக்கிழமைகளில் வந்து தனக்கு உதவ முடியுமா என்று. கை அவருக்கு அப்போது சாடையாக நடுங்கத் தொடங்கியிருந்தது. நான் ஓம் என்றேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சனிக்கிழமையில் எனக்கென்று ஒரு வளை கிடைத்த மாதிரி இருந்தது.

இப்படித்தான் ஒரு சிற்பியின் சீவியம் எனக்குச் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கிடைத்தது. தகப்பன் சின்னப் பட்டணமொன்றில் இறைச்சிக்கடைக்காரர். கடைக்குப் பின்னால்தான் வீடு. காலையில் எழும்பினால் தொடை ஒரு பக்கம், விலா ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம் தொங்கும். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புனிதரின் விரல். "வீட்டிலை துண்டுக்கு விலை எழுதியிருக்கும், பள்ளிக்கூடத்திலை துண்டுக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கச் சொல்லுவினம். சின்னப் பிள்ளை வேறை என்னத்தைப் படிக்கும்?" என்பார்.

பதினேழு வயதில் பரிஸ் நகரத்துக்கு ஓடிப்போய்க் கோப்பை கழுவியிருக்கிறார். அங்கே கனவைக் கண்டபடி வரைகிற, கண்டபடி எழுதுகிற கூட்டம் ஒன்றின் மிச்சம் சில பேர் ஒரு தேநீர்க்கடையில் கூடுவார்களாம். "அவையள் கனவைப் பற்றி வடிவாய்க் கதைப்பினம். பின்னேரம் முழுக்க நித்திரை, அதாலை கனவுக்குக் குறைவில்லை." அவர்களுக்கு வரைய, மாதிரியாய் நிற்கிற பெட்டையாக இவர் வேண்டும். இவருக்கோ உளி வேண்டும். அந்தச் சண்டையில் பிறந்ததுதான் அந்த ஆறடி நாக்கு. கோயிலில் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டு ஒன்றைச் செய்து, குருவானவர் காது வைக்கிற கம்பி வலைக்குள்ளால் அந்த நாக்கைத் தொங்கவிட்டார். ஆயர் கடிதம் எழுதினார். பொலிஸ் வந்து கூண்டைத் தூக்கிக்கொண்டு போனது. நாக்கு மட்டும் ஏற்ற இடமில்லாமல் மிஞ்சியது. அடுத்த நாள் பத்திரிகையில் படம், அதற்கடுத்த நாளிலிருந்து மதாம் பெரிய ஆள்.

பிறகு முலைகளால் தண்ணீர் பாய்கிற நீரூற்று ஒன்றை ஒரு நகரசபை காசு கொடுத்து வாங்கி, மாரிகாலம் முழுக்க அதற்குக் கோட்டுப் போட்டு மூடி வைத்திருந்ததாம். தக்காளி எறிந்தவர்கள், எச்சில் துப்பியவர்கள் எல்லாரையும் பழைய சிநேகிதர்களைப் போல ஞாபகம் வைத்திருந்தார்.

சறுக்கினது இங்கேதான். கனடா எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்தார். எஞ்சினியர் காலமாகி வெகுகாலம். வந்த புதிதில் ஒரு பூங்காவில் வைக்கக் கேட்டார்கள் என்று, பின்பக்கத்தால் நாக்கு நீட்டுகிற, நாலு பேர் இருக்கக்கூடிய வாங்கு ஒன்றைச் செய்து கொடுத்தார். இப்ப பாருங்கோ, என்று காத்திருந்தார். சனம் வந்து அதில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டது. பெரிய நாக்கில் ஒரு பிள்ளை சறுக்கி விளையாடியது. நகரசபை வந்து சக்கர நாற்காலிக்காரருக்கு வசதியாக ஒரு சரிவுப் பாதை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது.

"இஞ்சத்தை ஆக்களுக்குக் கோபம் வராதோ, மெசியே?"

"வரும் மதாம். ஆனா முதல் 'சொறி' எண்டு மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் வரும்."

"எதைக் காட்டினாலும் சுவாரசியம், 'இன்ரறெஸ்ரிங்' எண்டினம். நான் செத்தால் பெட்டிக்குக் கிட்ட வந்து நிண்டு அதையும் 'இன்ரறெஸ்ரிங்' எண்டுவினம்."

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று நாங்கள் சொல்லுவோம். சலசலப்பே இல்லாத காட்டில் கொண்டுவந்து விட்டால் நரி என்ன செய்யும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

போன வருடம் நகரத்தின் நடுவிலுள்ள ஒரு காட்சிக்கூடம் அவருடைய வேலைகளை வைக்கக் கேட்டது. கடைசிக் கண்காட்சி என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அதே நேரத்தில் கண்ணும் சதி செய்தது. இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றி, வேறு ஏதோ சிக்கலும் சேர்ந்து, ஒப்பரேசன் செய்தால் பார்வை வெளிக்கலாம், இல்லாமல் முழுதாய்ப் போகவும் கூடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"பயமாயிருக்கோ மதாம்?" என்று கேட்டேன்.

"குருடாகிறதுக்கு என்ன பயம். எல்லாரும் கைதட்டி, ஒருத்தரும் கோபப்படாமல் வீட்டை போனால், அதுக்குத்தான் பயம். ஒருத்தன், ஒரேயொரு ஆள் கோபப்பட்டாலும் காணும், நான் உயிரோடை இருக்கிறன் எண்டு நம்பிக்கொள்ளுவன்."

ஒப்பரேசனுக்கு முதல் சனிக்கிழமை அவர் தன் கண்களையே அச்செடுக்கச் சொன்னார். நான் சுவரின் முகத்தில் பூசியிருக்கிறேன், மனுசரின் முகத்தில் பூசியதில்லை. இமைக்கும் புருவத்துக்கும் வசலீன் தடவி, மெல்லிய துணியைச் சாந்தில் தோய்த்துத் தோய்த்து வைத்தேன். அவர் மேசையில் பிரேதம் மாதிரி நீட்டி நிமிர்ந்து கிடந்தார். சாந்து இறுகும்போது சூடேறும். "மதாம், சுடுதோ?" என்று கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது: "பூசும் மெசியே, நான் சுவர் எண்டு நினைச்சுப் பூசும்."

அந்த அச்சில் மெழுகை ஊற்றி, இமைகளைக் கத்தியால் கீறித் திறந்தார். கருமணி இருக்கவேண்டிய இடத்தில் மேலும் கீழுமாக அரிசிப் பல் வரிசை ஒன்றை வைத்தார். பார்ப்பது என்றால் தின்னுவது, அதுதான் கருத்தாம். பிறகு அதைச் சாந்துக்குள் புதைத்து, குசினி அடுப்பில் சூடாக்கி மெழுகை வடித்து, வெள்ளீயத்தை உருக்கி ஊற்றினோம். அச்சை உடைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஆகவே ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. வெளியே வந்தது உள்ளங்கையளவில் ஒரு சோடிக் கண், வெள்ளி மாதிரி மினுக்கம், திறந்த இமை, இளித்த பல்.

நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கண்ணின் கதையை மட்டும் சொன்னேன், பல்லின் கதையைச் சொல்லவில்லை. மனைவிக்கு மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு முள்ளுக்கரண்டி வைக்கிறவளுக்கு, தனியே கிடக்கிற ஒரு கிழவியின் கண்ணில் மனம் நின்றுவிட்டது.

"அந்த மனுசிக்கு ஆரும் மன்றாடுறவை இருக்கினமோ?"

"அவ கோயிலைக் கண்டால் நாக்கு நீட்டுற ஆள்."

"அப்ப கட்டாயம் ஆரும் மன்றாட வேணும்" என்று சொல்லி, அன்றைக்கே நேர்த்தி வைத்துவிட்டாள்.

ஒப்பரேசன் சரிவந்தது. மதாம் கட்டு அவிழ்த்ததும் என் முகத்தைப் பார்த்து, "உமக்கு இவ்வளவு வயசோ?" என்றார். பிறகு வெள்ளீயக் கண்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாயிருக்கு. நான் குருடாய்ப் போயிருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும்."

மனைவி அடுத்த நாளிலிருந்து தொடங்கினாள். "வெள்ளிக் கண்ணுக்குச் சொல்லிட்டியளோ?" நான் ஸ்காபரோவில் எங்கள் நகைக்கடைக்காரரிடம் சொல்லுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தக் கிழமைகளில் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தது, வேறு எதிலும் மனம் போகவில்லை. கண்காட்சிக்கு ஒரு கிழமை இருக்கையில் மதாம் கண்களை என்னிடம் தந்து, அதற்கு அளவாய் ஒரு வெள்ளைப் பீடம் செய்யச் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய கடதாசி சுற்றி, பெட்டியோடு எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சனிக்கிழமை ரெக்ஸ்டேலில் அவசர வேலை என்று முதலாளி கூப்பிட்டார், போய்விட்டேன்.

வேலையால் வந்தபோது மனைவி கோயில் சீலையோடு நல்ல முகமாய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் வாயாலை ஒண்டும் சொல்லாட்டிலும் செய்யிறதை வடிவாய்ச் செய்விச்சிருக்கிறியள். ஃபாதரே பார்த்திட்டு நல்ல வேலைப்பாடு எண்டவர்."

"எதை?"

"கண்ணை. மாதாட்டை வைச்சிட்டு வந்திட்டன்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடதாசி மட்டும் ஒழுங்காய் மடித்துக் கிடந்தது.

"உமக்குக் கண் தெரியேல்லையே? அதுக்குள்ளை பல்லு இருந்ததெல்லே!"

"ஓம், கண்டனான். உங்கடை கடைவாய்ப் பல்லுக்கும் சேர்த்துச் செய்விச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். ஒரு செலவிலை ரெண்டு நேர்த்தி. கெட்டித்தனம் எண்டு சந்தோசப்பட்டன்."

கதிரையில் இருந்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் நான் ஆனையும் இல்லை. எங்கள் தமிழ்ச் சனம் கூடுகிற கோயில் ஒரு வெள்ளைக்காரப் பங்கினுடையது. நேர்த்திச் சாமான் வைக்கிற தட்டம் எங்களுடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமைப் பூசைக்குத் திறந்து பூட்டினால், பிறகு புதன்கிழமை நவநாளுக்குத்தான் திறப்பார்கள். கண்காட்சி வியாழக்கிழமை.

ஞாயிறு முழுக்க யோசித்துவிட்டுத் திங்கள் மதாமிடம் போனேன். மறைத்தால் நல்ல பூச்சுக்காரன், சொன்னால் கெட்டவன். சொன்னேன். அறுபது வருடம் கோயிலோடு சண்டை பிடித்தவர் என்னை வீட்டால் துரத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தூரிகையோடு என் பக்கம் திரும்பினார்.

"கோயிலுக்குள்ளையா?"

"ஓம் மதாம்."

"மாதாவுக்கு முன்னாலை?"

"ஓம்."

கன்னத்தில் நிறம் ஏறியது. "எத்தினை பேருக்குக் கோபம் வந்தது?"

மனைவி சொன்னதைத்தான் நானும் சொன்னேன். "ஒருத்தருக்கும் வரேல்லை மதாம். வரிசையிலை நிண்டு தொட்டுக் கும்பிட்டவையாம்."

அப்போதுதான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. கையிலிருந்த தூரிகையை எறிந்தார். "பல்லை அவையள் கண்டவையோ? வெளிச்சம் காணாதோ அங்கை? புதன்கிழமை நான் வாறன். நானே சொல்லுறன் அவையளுக்கு."

புதன் பின்னேரம் அவரை என் வேலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். உதட்டுச் சாயம் வழமையைவிடச் சிவப்பு. கோயிலுக்குள் நவநாள் முடிந்து, சனம் பக்கத்துப் பீடத்தில் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் வரிசையில் நின்றது. எங்கள் வழக்கம் இதுதான்: தட்டத்தில் கை, கால், கண், தொட்டில் என்று வெள்ளிச் சாமான்கள் கிடக்கும். அவரவர் வருத்தத்துக்கு ஏற்றதை எடுத்து, நோகிற இடத்தில் வைத்து மன்றாடி, மாதாவின் காலடியில் வைப்பார்கள். பிறகு தொண்டர் அதை எடுத்துத் திரும்பத் தட்டத்தில் போடுவார். அடுத்த ஆள் எடுப்பார்.

மதாமின் கண்கள் அப்போது மல்வேர்னில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற ஒரு மன்னார் அன்ரியின் முகத்தில் இருந்தன. அன்ரி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் கண்ணோடு அழுத்தி, முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பல் வரிசை அவருடைய இமைகளில் பட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் பொறுமையாக நின்றார்கள். ஒரு கண்ணின் மேல் யாருடையதோ குங்குமம் ஒட்டியிருந்தது.

மதாம் அசையாமல் நின்று பார்த்தார். அன்ரி கண்ணை எடுத்ததும் முன்னால் போனார்.

"மெசியே, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். உது கடவுளுக்கு எதிராய்ச் செய்தது. உந்தக் கண் பார்க்கிறதில்லை, தின்னுறது. உது உங்களை அவமதிக்கிறதுக்குச் செய்தது."

நான் ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். வரிசை அமைதியாய்க் கேட்டது. அன்ரி கண்ணைத் திருப்பிப் பல்லைப் பார்த்தார்.

"ஓம் தம்பி, பல்லு இருந்தால்தான் நல்லது. கண்ணூறு கிட்ட வராது. இவவே செய்தவ?"

"ஓம் அன்ரி. நாளைக்கு இதை ஒரு காட்சிக்கு வைக்க வேணுமாம். திரும்பக் கொண்டுபோக வந்தவ."

"கொண்டு போகட்டும். நான் மாதாட்டைச் சொல்லிப்போட்டன். எனக்கு விடியக் கண் ஒப்பரேசன்" என்று அன்ரி தன் சீலைத் தலைப்பால் வெள்ளீயத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இவவுக்கும் ஒப்பரேசன் செய்ததெண்டு உம்மடை பெண்சாதி சொன்னவ. நொந்ததோ எண்டு கேளும்."

கேட்டேன். ஆயருக்கும் நகரசபைக்கும் பதில் சொன்ன மனுசி, அன்ரியின் கண்ணைக் கிட்டக் குனிந்து பார்த்தார். "நோகாது. துளி மருந்து ஊத்தேக்கை மட்டும் கொஞ்சம் எரியும். ரெண்டு நாள் குனிய வேண்டாம் எண்டு சொல்லும்" என்றார்.

நாங்கள் திரும்புகையில் தொண்டர் மறித்தார். மாதாவிடம் வைத்ததை வெறுங்கையாய் எடுக்கக்கூடாது, ஒன்றை வைத்துவிட்டுத்தான் ஒன்றை எடுக்கவேண்டும் என்றார். மதாம் பொறுமையில்லாமல் கைப்பையைக் கிளறினார். உதட்டுச் சாயம், பஸ் கார்ட், ஒரு சின்ன உளி. அடியில் பழைய மூக்குக் கண்ணாடி, போத்தல் அடி மாதிரித் தடிப்பு. ஒப்பரேசனுக்குப் பிறகு தேவையில்லாமல் கிடந்தது. அதை எடுத்துத் தட்டத்தில் ஏறக்குறைய எறிந்தார். தொண்டர் அதை எடுத்து மாதாவின் காலடியில் வைத்துச் சிலுவை அடையாளம் போட்டார். மதாம் தன் சீவியத்தில் செய்த மிக ஒழுங்கான நேர்த்தி அதுதான் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வானுக்குள் அவர் கண்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும், "தின்னுமெண்டு சொன்னன். காவலுக்கு நல்லதெண்டிட்டா" என்றார். குரலில் இருந்தது தோல்வியா, வேறு ஏதுமா என்று எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கு என்ன செய்யப் போறன் மெசியே? அவையள் இதைவிட மோசம். கைதட்டுவினம்."

வியாழக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். சந்தர்ப்பம் பெரியது என்று அவள் கல்யாணக் கூறைக்கு அடுத்தபடியான சீலையை உடுத்திருந்தாள். காட்சிக்கூடம் முழுக்க வெள்ளை. நடுவில் நான் பூசின பீடம், அதன் மேல் கண்கள், சுற்றிவரக் கயிறு, தொடவேண்டாம் என்று ஒரு பலகை. குங்குமத்தைத் துடைக்க மதாம் விடவில்லை. பொறுப்பான இளம்பெண் தலையிலிருந்து கால்வரை கறுப்பில் நின்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள். வந்தவர்கள் வைன் கிளாசோடு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்கள். குங்குமப் பொட்டைப் பற்றி ஒருவர் நீளமாய்ப் பேசினார். பிறகு ஒவ்வொருவராய் மதாம் இருந்த கதிரைக்கு வந்து கையைக் குலுக்கினார்கள்.

"இன்ரறெஸ்ரிங்."

"வெரி இன்ரறெஸ்ரிங்."

ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும் மதாம் கதிரைக்குள் ஒரு அங்குலம் இறங்கினார். கடைசியில் தலைமயிர் மட்டும்தான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் நான் மனைவியைத் தேடினேன். அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றைத் தூக்கி உள்ளே குனிந்து போய்விட்டாள். தடுக்கலாம் என்றால் நான் அந்தக் கரையில். அவள் சிலுவை அடையாளம் போட்டு, கண்களை இரண்டு கையாலும் எடுத்து, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு விடியக் காலமை ஒப்பரேசன் செய்த அன்ரிக்காகவும் இன்னொருதரம் ஒற்றினாள்.

முதலில் ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது. "நோ, நோ, நோ" என்று கறுப்புச் சட்டைப் பெண் ஓடிவந்தாள். கழுத்தில் சால்வை சுற்றிய ஒருவர், இது அட்டூழியம், இதை எப்படி அனுமதிக்கலாம் என்று சத்தம் போட்டார். வாசலில் நின்ற காவலாளி தன் கருவியில் யாரையோ கூப்பிட்டான். 'சொறி' என்று முதலில் ஒருவரும் சொல்லவில்லை. மனைவி திகைத்து, கண்களைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"தொடாமல் எப்பிடிக் கும்பிடுறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

கதிரையில் தலைமயிருக்குக் கீழே முகம் எழும்பியது. மதாம் கையை நீட்டி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். புதுக் கண் கிட்டத்துக்கு நல்லது, தூரத்துக்கு இன்னும் சரிவரவில்லை.

"மெசியே, ஆர் கோபப்பட்டது? கெதியாய்ச் சொல்லும்."

"அந்தக் கறுப்புச் சட்டைப் பிள்ளை, மதாம்."

"அவள் சம்பளத்துக்குக் கோபப்படுறாள். கணக்கில்லை. வேறை?"

"சால்வைக்காரர் ஒருத்தர். முகமெல்லாம் சிவந்து போச்சு."

"சிவந்ததோ? எவ்வளவு?"

"உங்கடை உதடு மாதிரி."

அவர் கதிரையின் கையில் ஊன்றி எழும்பினார். எழும்பும்போது நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். "உம்மடை பெண்சாதியை இஞ்சை வரச் சொல்லும். செருப்பைப் போட வேண்டாம், அப்பிடியே வரட்டும்" என்றார். "அந்தச் சால்வைக்காரரையும் போக விடாதேயும். அவரோடை நான் முதல் கதைக்க வேணும்."